கம்போஸ்ட் டீ ஊத்துன பைல மிளகாய் இலை ஓரம் கருகுது, டிரம்முல நாத்தம் வேற, யாராச்சும் சொல்லுங்க

முத்தியால்பேட்டை மாடி:
எல்லாருக்கும் வணக்கம். பாண்டி முத்தியால்பேட்டைல மாடித்தோட்டம் வெச்சிருக்கேன், முப்பது நாப்பது குரோ பேக் இருக்கும், மிளகாய், கத்திரி, தக்காளி, கொத்தவரை, கொஞ்சம் புதினா கொத்தமல்லி. கிச்சன் கழிவுல கம்போஸ்ட் நானே போடுறேன், அது நல்லாத்தான் வருது, கருப்பா பொலபொலன்னு மண்வாசனையோட இருக்கும். மண்ணு இன்னும் உசுரா இருக்கட்டுமேன்னு கம்போஸ்ட் டீ, அதாவது கம்போஸ்ட்ட தண்ணில ஊற வெச்சு அந்தச் சாற செடிக்கு ஊத்துறது, போட ஆரம்பிச்சேன். 50 லிட்டர் நீல டிரம்மு, பழைய வேட்டித் துணியில 3 கிலோ கம்போஸ்ட்ட மூட்டை கட்டி உள்ள தொங்க விட்டு, அரை கிலோ நாட்டு வெல்லம் கரைச்சு ஊத்தி, அடியில மீன் தொட்டிக்குப் போடுற ஏர் மோட்டார், குமிழி விடுற கல்லு ஒத்தக் கல்லு. ரெண்டு நாள் ஓட விடுறேன், மொட்டை மாடியில தான்.

பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, ரெண்டாவது நாள் காலைல மூடியத் திறந்தா அழுகுன முட்டை நாத்தம், மேல வழவழன்னு ஆடை மாதிரி ஒண்ணு படிஞ்சிருக்கு. கீழ் வீட்டு ஆன்ட்டி செப்டிக் டேங்க் ஏதும் நிரம்பிடுச்சான்னு மேல ஏறி வந்து பாத்துட்டுப் போனாங்க. ரெண்டாவது, இத ஊத்துன பைல எல்லாம் மிளகாய், கத்திரி இலை ஓரம் பிரவுனா காஞ்சு, தொட்டா நொறுங்குது, புதுசா வர்ற இலையும் சின்னதாவே நிக்குது. தக்காளி சுமார். கொத்தவரை மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி கொத்து கொத்தா காய்ச்சுக்கிட்டு இருக்கு. டீ ஸ்ட்ராங்கா இருக்கோன்னு ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்தும் ஊத்திப் பாத்தாச்சு, அப்பவும் அதே கதை. இலை மேல படல, தூர்ல தான் ஊத்துறேன். என்னவா இருக்கும்?

பண்ருட்டி முந்திரித்தோப்பு:
நாத்தத்துக்கு காரணம் வெல்லம் தம்பி. அரை கிலோ எங்க புடிச்சீங்கன்னு தெரியுது, ஜீவாமிர்தக் கணக்கு, 200 லிட்டருக்கு ரெண்டு கிலோ, அத நாலா வகுத்திருக்கீங்க. ஜீவாமிர்தம் வேற வழி, அது சாணி கோமியம் போட்டுப் புளிக்க விடுறது, காத்து ஓட்டுறதில்ல, காலைல சாயந்தரம் குச்சிய வெச்சு கலக்கி விடுறதோட சரி. நீங்க போடுறது காத்து ஓட்டுற டீ. இதுல 50 லிட்டருக்கு ஒரு கைப்பிடி வெல்லமே அதிகம், நான் அதுவும் போடுறதில்ல. வெல்லம் நிறைய கிடைச்சா பாக்டீரியா ஒரேயடியா பெருகி தண்ணில இருக்குற ஆக்சிஜன ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிடும், அப்புறம் காத்தில்லாம வாழுற ஜாதி தான் மிஞ்சும், நாத்தம் அதுங்களோடது.

மோட்டாரும் பத்தாது. அந்த ஒத்தக் கல்லு 10 லிட்டர் பக்கெட்டுக்குத் தான் சரிப்படும். டிரம்முல தண்ணி கொதிக்கிற மாதிரி புரண்டுக்கிட்டே இருக்கணும், ஓரமா நாலு குமிழி வந்தா அது கணக்கில்ல. கரண்ட்டு போய் மூணு நாலு மணி நேரம் நின்னுச்சுன்னாலும் முடிஞ்சுது. மொட்டை மாடி வெயில் வேற, தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் நிக்கிறதே குறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும்னா 30 டிகிரில ஏழரை தான். நிழலுக்கு மாத்துங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டு நாள் வேண்டாம், ஒரு நாளே தாராளம்.

நாத்தம் வந்தத செடிக்கு ஊத்தாதீங்க. காஞ்ச இலையோட கம்போஸ்ட் குவியல்ல ஊத்திடுங்க, வீணாப் போகாது.

மஞ்சக்குப்பம் அக்கா:
அண்ணன் சொல்றது நாத்தத்துக்கு சரி. ஆனா இலை ஓரம் காயுறதும் அதனால தானா? எனக்கு அப்படித் தோணல. வெல்லம், மோட்டார் எல்லாம் சொன்னீங்க, தண்ணி எதுன்னு சொல்லவே இல்லையே தம்பி. போர் தண்ணியா, குழாய் தண்ணியா? குழாய் தண்ணின்னா குளோரின் இருக்கும், ராத்திரி திறந்து வெச்சு மறுநாள் எடுக்கணும். போர்னா எவ்ளோ ஆழம், கடல் எவ்ளோ தூரம்?

முத்தியால்பேட்டை மாடி:
அக்கா, ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணி. ட்யூப மாடி டிரம்முக்கே விட்டிருக்கோம், வீணாகக் கூடாதுன்னு அம்மா ஏற்பாடு. மெஷினுக்குள்ள போறது வீட்டு போர் தண்ணி, கடற்கரைக்கு நடந்தே போயிடலாம். டீ கலக்குறது, பைக்கு தினமும் ஊத்துறது எல்லாமே அந்தத் தண்ணி தான்.

மஞ்சக்குப்பம் அக்கா:
ஆ, கிடைச்சுது. கொத்தவரை நல்லா இருக்கு, மிளகாயும் கத்திரியும் கருகுதுன்னு சொன்னப்பவே லேசா சந்தேகப்பட்டேன். எங்க தெருவுல பாதி வீட்டு மாடில இதே கதை தான், மிளகாய் கருகும், இவங்க மருந்துக் கடைக்கு ஓடுவாங்க.

லாஸ்பேட்டை ரிடையர்டு:
அக்கா சொல்றது உப்பு. கொஞ்சம் விவரமா எழுதுறேன், அவசரப்படாம படிங்க.

ஆர்ஓ மெஷின் உப்ப அழிக்கிறது இல்ல, பிரிச்சு ஒதுக்குது, அவ்ளோ தான். வீட்டு மெஷின் பொதுவா பத்து லிட்டர் உள்ள வாங்கினா மூணு லிட்டர் குடிக்கக் குடுக்கும், ஏழு லிட்டர வெளிய தள்ளும், பத்து லிட்டர்ல இருந்த உப்பு ஏறக்குறைய மொத்தமும் அந்த ஏழுல தான் இருக்கும். அதாவது போர் தண்ணியோட டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்குற உப்பு, மில்லிகிராம் கணக்குல) 1000 இருந்தா வெளிய வர்றது 1400 பக்கம். கடலோரத்துல போர் போட்டு போட்டு உறிஞ்சுறதால கடல் தண்ணி நிலத்தடில உள்ள ஏறுது, பாண்டி கடலூர் ரெண்டு பக்கமும் இது இருக்கு, அதனால தொடக்கமே உப்பு.

மிளகாய் உப்பு தாங்காத செடி. தண்ணியோட ஈசி (தண்ணி கரண்ட்ட கடத்துற அளவு, உப்பு கூடக் கூட ஏறும்) 1 தாண்டினாலே விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும், டிடிஎஸ் கணக்குல 640 சுமாருக்கு. கத்திரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தக்காளி 1.7 வரைக்கும் சமாளிக்கும். கொத்தவரை இதுக்கெல்லாம் அசையவே அசையாது, காய்கறில அது ரொம்ப முரட்டுத்தனமா உப்பு தாங்கும். உங்க மாடில எது கருகுச்சு எது கருகலன்னு நீங்க எழுதுன வரிசையே லேப் ரிப்போர்ட் மாதிரி இருக்கு.

ஒண்ணுக்குப் பத்து கலந்தும் கேக்கலன்னீங்களே, கலந்ததும் அதே ஆர்ஓ தண்ணி தானே, உப்பு எப்படிக் குறையும்? அதோட கம்போஸ்ட்டுல இருந்தும் டீல உப்பு இறங்கும், மீந்த சோறு, சாம்பார், ஊறுகாய் எல்லாம் கம்போஸ்ட் தொட்டிக்குப் போகுதுன்னா இன்னும் கூடுதல். பைல கோகோ பீட், அதான் தேங்காய் நார்க் கழிவு, கழுவாம போட்டிருந்தா அதுவும் ஒரு பங்கு.

இன்னொண்ணு, நாத்தத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. உப்புத் தண்ணில சல்பேட் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்து போனா சில பாக்டீரியா அந்த சல்பேட்ட வெச்சுப் பிழைக்கும், அப்ப வெளிய விடுற ஹைட்ரஜன் சல்ஃபைடு தான் அந்த அழுகுன முட்டை வாசனை.

டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்குங்க, பெரிய விலை இல்ல. எல்லாத்தையும் அளந்து போடுங்க. பைக்கு அடியில தட்டு வெச்சு, வடியிற தண்ணியையும் அளங்க, அது தான் முக்கியம்.

பாகூர் நஞ்சை:
நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. 3 கிலோ நல்ல கம்போஸ்ட் கைல இருக்கு. அத எதுக்குத் துணியில கட்டித் தண்ணில முக்கி மோட்டார் போட்டு கரண்ட்டு செலவு பண்ணி நாறடிக்கணும்? ஆளுக்கு ரெண்டு கை எல்லாப் பையிலயும் போட்டு மண்ணக் கிளறி விட்டு மேல சருகு மூடுனா முடிஞ்சுது வேலை. நுண்ணுயிர் அதுலயே தான் இருக்கு, திங்க சாப்பாடும் அதுலயே இருக்கு. டீல நுண்ணுயிர இறக்கி, மக்குச் சத்து இல்லாத மண்ணுல விட்டா அது எத்தன நாளைக்கு நிக்கும்? சத்துன்னு பாத்தாலும் டீல கொஞ்சூண்டு தான்.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:
அண்ணே மொத்தமா ஒதுக்கிடாதீங்க. எங்க செம்மண்ணுல முந்திரி நாத்து வெச்ச புதுசுல டீ ஊத்துன வரிசைக்கும் ஊத்தாத வரிசைக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. தோப்பு முழுக்க கம்போஸ்ட் போட எத்தன டிராக்டர் அடிக்கிறது? கொஞ்ச கம்போஸ்ட்ட பெரிய இடத்துக்குப் பரப்ப டீ ஒரு வழி.

பாகூர் நஞ்சை:
தோப்புக்கு சரி, ஒத்துக்கிறேன், அந்த வரிசைக்கு வெறும் தண்ணிய அதே அளவு ஊத்திப் பாத்தீங்களான்னும் கேப்பேன், சரி விடுங்க. தம்பி வெச்சிருக்கிறது நாப்பது பை. அதுக்கு எதுக்கு டீ?

மஞ்சக்குப்பம் அக்கா:
சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். தம்பி புதினா கொத்தமல்லிக்கும் ஊத்துறீங்களா? பச்சையா சட்னி அரைக்கிறதுக்கு டீ தெளிக்காதீங்க. கம்போஸ்ட்டுல சாணி இருந்து அது சரியா வெந்து மக்கலன்னா ஈ கோலை மாதிரி கிருமி இருக்கலாம், வெல்லம் போட்டா அதுவும் சேந்து பெருகும். 2004லயே அமெரிக்கால ஆர்கானிக் தரநிலைக்காக அமைச்ச கம்போஸ்ட் டீ குழு வெல்லப்பாகு மாதிரி சேர்க்குறத பத்தி இதே எச்சரிக்கை தான் குடுத்துச்சு. அதே மாதிரி கம்போஸ்ட் தொட்டிக்கு அடியில வடியிற கருப்புத் தண்ணிய டீன்னு நெனச்சு நேரா ஊத்துறவங்களும் இருக்காங்க, அது டீ இல்ல, அதுலயும் உப்பு ஜாஸ்தி.

முத்தியால்பேட்டை மாடி:
சாணி போடுறதில்ல அக்கா, புதினாவுக்கு இனி ஊத்தல. சோறு, ஊறுகாய் தொட்டிக்குப் போறது உண்மை தான், அம்மாகிட்ட சொல்லியாச்சு, திட்டு விழுந்துச்சு.

பேனா வாங்கி அளந்தேன் சார். போர் தண்ணி 1100. ஆர்ஓ வேஸ்ட் 1580. டிரம்முல ரெடியான டீ 2300. மிளகாய்ப் பைக்கு அடில வடிஞ்சது 3400, பேனா தப்பாக் காட்டுதோன்னு கழுவி கழுவி திரும்ப வெச்சேன், அதே தான். போன வாரம் சாயந்தரம் பேஞ்ச மழைல பக்கெட்டுல புடிச்சது 28. பை மேல் மண்ணுல வெள்ளையா பூத்திருக்கு, இத்தன நாளா சுண்ணாம்பு பறந்து விழுந்திருக்குன்னு நெனச்சேன்.

லாஸ்பேட்டை ரிடையர்டு:
3400 வடியிற இடத்துல மிளகாய் உசுரோட நிக்கிறதே அதிசயம். மருந்து எதுவும் தேவையில்ல, உப்பக் கழுவி வெளியேத்தணும். பை கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணி, 20 லிட்டர் மண்ணுன்னா 40 லிட்டர், ஒரேயடியா கொட்டாம விட்டு விட்டு மெதுவா ஊத்தி அடில ஓட விடுங்க. அடி ஓட்டை அடைச்சிருந்தா முதல்ல குத்தி விடுங்க. நாப்பது பைக்கும் அவ்ளோ தண்ணிக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, மிளகாய், கத்திரிக்கு மட்டும் குழாய் தண்ணில பண்ணுங்க, மத்தத ஐப்பசி மழை பாத்துக்கும், அப்ப பைய ஷெட்டுக்கு அடில ஒதுக்காம மழைல நனைய விடுங்க. வடியிறது 1000க்குக் கீழ வந்தா நிறுத்தலாம். கழுவும்போது சத்தும் கூடப் போயிடும், அதனால கழுவி முடிச்ச பிறகு பாகூர்காரர் சொன்ன மாதிரி பைக்கு ரெண்டு கை கம்போஸ்ட் போடுங்க.

ஜிப்சம் போடச் சொல்லி யாராச்சும் வருவாங்க. அது சோடியம் ஏறி இறுகிப் போன களிமண்ணுக்கு. உங்களுக்கு இப்ப வேண்டாம். சந்தேகம்னா தண்ணியும் மண்ணும் எடுத்துட்டு குரும்பாபேட் கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) போய் கேளுங்க.

முத்தியால்பேட்டை மாடி:
ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணன்களுக்கும். மிளகாய் வரிசைய கழுவியாச்சு, வடியிறது 1200க்கு வந்திருக்கு, இன்னொரு தடவ பண்ணனும். கருகுன இலை திரும்ப பச்சையாகுமா?

மஞ்சக்குப்பம் அக்கா:
ஆகாது. காஞ்சது காஞ்சது தான், ஆனா எல்லாத்தையும் பறிச்சுப் போடாதீங்க, பாதி பச்சை இருந்தா விட்டு வைங்க. நுனில வர்ற புது இலைய மட்டும் பாருங்க, அது அகலமா ஓரம் காயாம வந்தா சரி. ஆர்ஓ தண்ணிய வாசல் கழுவ, பாத்ரூமுக்கு எடுங்க. அம்மாவுக்கு மனசு கேக்கலன்னா கொத்தவரைக்கு ஊத்தச் சொல்லுங்க, ஆனா அந்தப் பைல அடுத்த பட்டத்துல மிளகாய் வைக்காதீங்க.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:
மழைத்தண்ணி புடிச்சு வெச்சு, 10 லிட்டர் பக்கெட்டுல அரை கிலோ கம்போஸ்ட், வெல்லம் இல்லாம, நிழல்ல ஒரு நாள் ஓட்டிப் பாருங்க தம்பி. நாலு பைக்கு மட்டும் ஊத்துங்க, நாலு பைக்கு வெறும் மழைத்தண்ணி. பாகூர் அண்ணன் அதையாச்சும் ஒத்துக்கிறாரான்னு பாப்போம்.

பாகூர் நஞ்சை:
அந்த நாலு நாலோட இன்னும் நாலு சேருங்க, அதுக்கு ரெண்டு கை கம்போஸ்ட் மட்டும். அப்ப பேசுவோம்.