ரேனியஸ் ஐயரை சி.எம்.எஸ். ஏன் நீக்கியது?

களக்காட்டான்:
அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர். அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான். 1835-இல் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம் அவரை ஊழியத்திலிருந்து நீக்கிய விஷயத்தை இப்போதுதான் படித்தேன். இவ்வளவு சபைகளை உண்டாக்கியவரை ஏன் நீக்கினார்கள்?

முதலூர் மகள்:
அவர் லுத்தரன் என்ற வேறொரு புராட்டஸ்டண்ட் சபைக்காரர், சங்கம் இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையின் முறைமைகளைக் குறை சொல்லி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சங்கத்தாரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

பாளை பேரன்:
அக்கா சொன்ன நூல் கடைசிப் பொறி. ஆனால் பல வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது உபதேசியார்களுக்கு, அதாவது சபைகளில் போதித்த உள்ளூர் ஊழியர்களுக்கு, குருப்பட்டம் கொடுக்கும் விஷயம். ஊர் ஊராக ஜெபம் நடத்தி, எதிர்ப்பையும் தாங்கி நின்றவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) கொடுக்க அதிகாரம் இல்லை. தமக்குக் கிடைத்த லுத்தரன் முறையிலேயே அவர்களுக்கும் பட்டம் கொடுக்கலாம் என்றார் ரேனியஸ். சங்கமோ, பேராயர் (பிஷப்) கையால் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை முறையில்தான் என்று நின்றது. சென்னைக்கு முதல் பேராயரே 1835-இல்தான் வந்தார். அதுவரை கல்கத்தா பேராயரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சபைகளோ பெருகிக்கொண்டே இருந்தன. என்னைக் கேட்டால் நியாயம் ரேனியஸ் பக்கம்தான்.

நீக்கியதும் ஆற்காட்டுக்குப் போனார். இங்கே திருநெல்வேலியில் உள்ள சபையார் விடவில்லை, வருந்தி அழைத்தார்கள். அதே வருஷம் திரும்பி வந்தார். அதனால் சபைகள் இரண்டு பிரிவாயின, அதுதான் வருத்தம். 1838 ஜூன் 5-இல் பாளையங்கோட்டையில் இறந்தபோது அவருக்கு வயது 47. அப்புறம் அவரோடு இருந்த மிஷனரிகளில் சிலர் மறுபடி சி.எம்.எஸ்.ஸில் சேர்ந்தார்கள்.

களக்காட்டான்:
நன்றி அண்ணாச்சி. டோனாவூர் நிலம் அவர் வாங்கியதுதானா?

பாளை பேரன்:
ஆமாம் தம்பி. பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தில், 1827-இல். ஊருக்குப் பெயரும் அப்படி வந்ததுதான். மதம் மாறியவர்களை நிலக்காரர்கள் குடியிருப்பை விட்டு விரட்டிய காலம் அது. சொந்த மண் இருந்தால் யாரும் கிளப்ப முடியாது. அந்த எண்ணத்தில்தான் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றியதும், கோயிலும் பள்ளிக்கூடமும் கட்ட உதவியதும் அந்தச் சங்கம்தான். பாளை வந்தால் அடைக்கலாபுரத்தில் இருக்கும் அவர் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போங்கள்.