தத்தெடுக்கப் போகும் நாய்க்குப் படியென்றால் பயம், யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஒரு மீட்புக் குழுவிடமிருந்து இரண்டு வயது நாட்டு நாயைத் தத்தெடுக்கப் போகிறோம். பெண். கருத்தடை ஆகி, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீடு பார்க்கக் கூட்டி வந்த அன்று முதல் படியிலேயே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். பிஸ்கட் காட்டினாலும் அசையவில்லை, தூக்கினால் நடுங்குகிறாள். படியேறப் பழக்கியவர்கள் எப்படிப் பழக்கினீர்கள்?

அப்புறம், அசோசியேஷன் செயலாளர் நாயே கூடாது என்கிறார். அப்படித் தடை போட முடியாதென்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். தீபாவளி வெடிச் சத்தம் ஓய்ந்ததும் கூட்டி வருவதாக இருக்கிறோம்.