சேஞ்ச் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் எதை எழுதுவது? (அவசரம்)

வெண்கூழாங்கல்:
அனைவருக்கும் வணக்கம். நாளைக் காலைக்குள் ஒப்படைக்க வேண்டிய கிரேக்க மொழிபெயர்ப்பில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் சேஞ்ச் என்று வந்த இடங்களிலெல்லாம் அகராதி முதலில் காட்டிய ‘அலயீ’ என்ற சொல்லையே எழுதியிருந்தேன். சரிபார்ப்பவர் பாதிக்கு மேற்பட்டவற்றின் மேல் சிவப்புக் கோடிட்டு, காரணம் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார். டர்ன், ஷிஃப்ட் என்ற சொற்களுக்கும் இதே கதிதான். ‘மெத்தவொலீ’, ‘மெத்தத்ரொப்பீ’ என்று இன்னும் பல சொற்கள் அகராதியில் இருக்கின்றன. சரியானது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:
எந்த வாக்கியத்தில் வருகிறது? பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? படிக்கப்போகிறவர் யார்? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

ஏட்டுச்சுவடி:
என் கருத்தில் ‘மெத்தவொலீ’தான் எல்லாவற்றையும் அடக்கும் சொல். அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலில் மாற்றம் என்ற பொதுக்கருத்துக்கு இதையே ஆள்கிறார். பண்பு மாறுவது, அளவு மாறுவது, இடம் மாறுவது ஆகிய மூன்றும், தோன்றுவதும் அழிவதும்கூட, அதற்குள் அடங்கிவிடுகின்றன. வேரைப் பிடித்தால் கிளைகள் தாமாகவே கைக்கு வரும் என்பது என் நீண்டநாள் நம்பிக்கை.

வரிக்காவலர்:
அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது என்று இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்; புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. ஏட்டுச்சுவடி ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய கிரேக்கப் படையில் ‘மெத்தவொலீ’ என்று உரக்கச் சொன்னால், அணிவகுப்பில் நிற்பவர்கள் அப்படியே பின்புறம் திரும்பி நிற்பார்கள். அதை எல்லா இடத்திலும் எழுதி என்ன பயன்?

வெண்கூழாங்கல்:
மன்னிக்கவும், சொல்லியிருக்க வேண்டும். ஏதென்ஸுக்குச் செல்லும் பயணிகளுக்கான செயலி அது. கடை, விடுதி, ரயில் என்று தலைப்புகள் உள்ளன. ஆனால் விரிதாளில் சொற்கள் மட்டுமே தரப்பட்டுள்ளன, வாக்கியங்கள் இல்லை.

பிரேயஸ்வாசி:
தலைப்புகள் தெரிந்துவிட்டதால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது, சகோதரி. ஆறு ஆண்டுகள் பிரேயஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். தெருமுனையில் ‘பெரீப்தெரோ’ என்ற சிறு கடைகள் இருக்கும். அங்கே ஒரு தண்ணீர்ப் புட்டிக்கு ஐந்து யூரோ தாளை நீட்டினால் கடைக்காரர் திருப்பித் தருவது ‘ரெஸ்தா’, அதாவது நம் மீதிப் பணம். கையில் இருக்கும் நாணயங்கள் ‘ப்ஸிலா’, நம் சில்லறை. ஐம்பது யூரோ தாளை மாற்றித் தரச் சொல்ல வேண்டுமென்றால் ‘போரீதே நா மூ ஹலாஸெதே எனா பெனிந்தாரிக்கோ’ என்பார்கள். இந்த வினைக்குக் கெடுப்பது, உடைப்பது என்ற பொருளும் உண்டு. கெட்டுப்போன பாலுக்கும் இதுவே. முதன்முதலில் இதைக் கேட்டபோது எதையோ உடைத்துவிட்டேன் என்று பதறி, கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு இருபதையும் ஒரு பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.

ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் திணித்ததைத் தமிழும் கிரேக்கமும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரியையும் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆனால் ஓரிடத்தில் அது கைகொடுக்காது. நாம் மாறு, மாற்று என்று பிரிப்பதைக் கிரேக்கர் ‘அலாஸோ’ என்ற ஒரே வினையால் சொல்லிவிடுவார்கள். வானிலை மாறினாலும், படுக்கை விரிப்பை மாற்றினாலும், மனத்தை மாற்றிக்கொண்டாலும் அதுவேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்நியச் செலாவணி ‘ஸினாலக்மா’. மாற்றுத் துணி ஒரு செட் ‘அலக்ஸியா’. அளவையோ கோப்பின் வடிவத்தையோ மாற்றுவது ‘மெத்தத்ரொப்பீ’. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலின் 3ஆம் தடத்தில் வருபவர் அக்ரோபோலிஸுக்குப் போக ஸிந்தக்மா நிலையத்தில் 2ஆம் தடத்துக்கு மாறுவது ‘மெத்தெப்பிவீவஸி’. தெருவில் திரும்புவது ‘ஸ்த்ரீவோ’, வரிசையில் நம் முறை வருவது ‘ஸிரா’, வேலை ஷிஃப்ட் ‘வார்தியா’. உங்கள் ‘அலயீ’யும் வீணாகாது, ஸிந்தக்மா சதுக்கத்தில் நடக்கும் காவலர் மாற்றம் ‘அலயீ ஃப்ரூராஸ்’தான்.

ஏட்டுச்சுவடி:
‘ரெஸ்தா’ இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ‘வார்தியா’வும் அப்பக்கத்துச் சொல்லே. இவ்வளவு தொன்மையான மொழியில் மொழிபெயர்க்கும்போது இரவல் சொற்களை முன்னே வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

வரிக்காவலர்:
தூய மொழியா, பேச்சு மொழியா என்ற வழக்கைக் கிரேக்கர்களே 1976இல் முடித்துவிட்டார்கள். பேச்சுவழக்கை ஒட்டிய திமொதிகிதான் அன்று முதல் கல்விக்கும் அரசுக்கும் உரிய மொழி. அவர்கள் விட்டுவிட்ட சண்டையை நாம் ஏன் தொடர வேண்டும்?

ஏட்டுச்சுவடி:
சட்டம் அரசின் மொழியைத்தான் தீர்மானித்தது; ஒரு சொல்லின் மதிப்பைத் தீர்மானிக்கவில்லை. ‘ஸினாலக்மா’வை உடைத்தால் வேற்று என்று பொருள்படும் ‘ஆலொஸ்’ உள்ளே இருக்கிறது; ‘அலயீ’க்குள்ளும் அதுவே இருக்கிறது. மாறுவது என்றால் வேறாவது என்று அந்த மொழியே சொல்லித்தருகிறது. வேரைப் படிக்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

பிரேயஸ்வாசி:
அது உண்மைதான், ஐயா, எனக்கும் மிகவும் பிடித்த வேர் அது. ஆனால் பசியோடு ரொட்டி வாங்க நிற்பவருக்கு ‘ரெஸ்தா’தான் வேண்டும்.

நடுப்பக்கம்:
விடுதித் தலைப்பின் கீழ் சேஞ்சோடு டேபிள் என்ற சொல்லும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். குழந்தைக்கு அரைத்துணி மாற்றும் மேசை என்றால் அதற்கு ‘அலக்ஸியேரா’ என்று தனிச் சொல் இருக்கிறது. சாப்பாட்டு மேசையை மாற்றச் சொல்வதாக எண்ணி எழுதிவிடாதீர்கள்.

வெண்கூழாங்கல்:
அப்படித்தான் எழுதியிருந்தேன்! திருத்திவிட்டேன். கடைத் தலைப்பில் ஒரு வரி ‘ரெஸ்தா’வா ‘ப்ஸிலா’வா என்று தெரியாததால், வாக்கியம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பிரேயஸ்வாசி:
டர்ன் என்ற வரிகள் என்னவாயின? பால் புளித்துப்போவதைக் குறிக்கும் வரி ஏதேனும் இருந்தால் அதற்கு ‘க்ஸினீஸோ’ என்ற வினையும் உண்டு. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.