செயற்கையா, தொகுப்பா: மோட்டார் எண்ணெய்க்கு ஒரு சொல்

அன்புடையீர்,

கார் எஞ்சினுக்கு ஊற்றும் 'சிந்தெடிக் ஆயில்' என்பதற்குத் தமிழில் 'செயற்கை எண்ணெய்' என்ற சொல்லே போதும், செயற்கை இழை, செயற்கை ரப்பர் என்று பாடநூலில் ஏற்கெனவே வழங்குகிறதே என்று மதுரை நண்பர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை நான் கடையில் வைத்தே பார்த்துவிட்டேன். அது அங்கே நிற்கவில்லை.

காரைக்குடியில், பெயரிலேயே செக்கை வைத்திருக்கும் செக்காலைப் பகுதியில், என் மைத்துனர் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறார். வெளியூரில் தொழில் செய்யும் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் ஜெர்மன் கார்களுக்காக, இறக்குமதி எண்ணெய் நாலைந்து வகை எப்போதும் அலமாரியில் இருக்கும். விலைப்பலகையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நானும் 'செயற்கை எண்ணெய்' என்று எழுதிக் கொடுத்தேன். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு வீட்டு ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தார். ஆச்சியின் குரல் கல்லாப்பெட்டி வரை கேட்டது: "செயற்கைன்னா அசலு இல்லேன்னுதானப்பா அர்த்தம்? வெல கூடன்னாலும் நல்லதா வாங்கிட்டு வா." அப்போது அவர் கையில் இருந்த டப்பாதான் கடையிலேயே விலை கூடியது.

ஆச்சி மேல் பிழையில்லை. செயற்கைப் பூ, செயற்கைப் பல் என்று பழகிய காதுக்கு, அந்த அடைமொழி அசலுக்குப் பதிலாக வைத்த ஒன்றையே சொல்லும். எண்ணெய் என்றாலே எள்ளின் நெய் என்றும், அதுவும் மரச்செக்கில் ஆட்டியதுதான் உசத்தி என்றும் நம்புகிற ஊரில் கேட்கவே வேண்டாம். வேதியியலும் அந்தச் சொல்லுக்குத் துணை நிற்காது. 'மினரல்' என்று விற்கும் சாதாரண எண்ணெயும் ஆலையில் மெழுகு நீக்கி, கரைப்பான் கொண்டு கழுவி எடுத்ததுதான். மாறாக, பந்தயக் கார்களுக்கான எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் கூடிப் பிறக்கும் சேர்மம்) எண்ணெய்கள் முழுக்க ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைக்கிறோம். அவற்றில் ஒரு வகைக்கு வேண்டிய செபாசிக் அமிலம் ஆமணக்கு முத்திலிருந்து கிடைக்கும் எண்ணெயைக் கொண்டே தயாராகிறது. (காஸ்ட்ரால் என்ற மோட்டார் எண்ணெயின் பெயரே 1909-இல் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. வைக்கோல் கரியை அதே எண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு மசகு போட்ட தாத்தாக்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.)

நம் சிக்கலுக்குப் பாதிக் காரணம் ஆங்கிலச் சொல்லே. சேர்பொருள்கள் (அடிட்டிவ்) கலக்கும் முன்னுள்ள அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது. நான்காவது, பாலிஆல்ஃபாஒலிஃபின், டெசீன் போன்ற சிறு மூலக்கூறுகளை இரண்டு மூன்றாகக் கோத்து, வேண்டிய நீளத்துக்கு உருவாக்குவது. எஸ்டர்கள் ஐந்தாவதில் வரும். மூன்றாவதோ கச்சா எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்து, வடிவம் மாற்றி எடுப்பது. தொடக்கத்தில் நான்காவதும் ஐந்தாவதும்தான் 'சிந்தெடிக்'. மூன்றாம் தொகுதி எண்ணெயைக் காஸ்ட்ரால் அதே பெயரில் விற்றபோது போட்டி நிறுவனமான மொபில் முறையிட்டது. 1999-இல் விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமெரிக்கத் தேசிய விளம்பரப் பிரிவு காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல் இரண்டையும் சுமக்கிறது. ஜெர்மானியரோ 'முழுத் தொகுப்பு' என்பதை நான்குக்கும் ஐந்துக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றதைத் 'தொகுப்பு நுட்பம்' என்பதுபோல் வேறு சொல்லால் எழுதும் வழக்கத்தை விடவில்லை. புதிதாகச் சொல் ஆக்குகிற நாம் ஏன் அமெரிக்கக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

எனவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள். கோத்து உருவாக்குவது 'தொகுப்பெண்ணெய்'. உடைத்து வடிவம் மாற்றுவது 'திருத்தெண்ணெய்'. காடு திருத்திக் கழனியாக்கினான் என்கிறோமே, அந்தத் திருத்தம்; மண் பழைய மண்தான், ஆனால் அது இனிக் காடு இல்லை. சுத்திகரிப்பு என்ற சொல் இங்கே பொருந்தாது, ஏனெனில் அது வேண்டாததை நீக்குவதைச் சொல்லுமே தவிர, மூலக்கூறே மாறுவதைச் சொல்லாது.

தஞ்சை நண்பர், 'போட்டோசிந்தெசிஸ்' ஒளிச்சேர்க்கை ஆனதைக் காட்டிச் 'சேர்க்கை எண்ணெய்' என்றார். அழகான சொல்தான், ஆனால் டப்பாவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடிய சேர்பொருள்களோடு அது மோதும். 'தொடுப்பெண்ணெய்' என்று வந்த யோசனையைப் பற்றி, எங்கள் ஊரில் தொடுப்பு என்றால் என்ன பொருள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 'கூட்டெண்ணெய்' என்பதை 'செமி சிந்தெடிக்' வகைக்கு வைத்துக்கொள்ளலாம். முக்கூட்டு எண்ணெய் அறிந்த எவருக்கும் அது கலவை என்று உடனே விளங்கும். எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் 'பாகுநிலை' (விஸ்காசிட்டி) பற்றி விவாதமே வேண்டாம், அது நிலைத்துவிட்டது.

— காரைக்குடியிலிருந்து

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேவகோட்டைக்காரன், வளைகுடாவில் வேலை. 'திருத்தெண்ணெய்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. கத்தாரின் ராஸ் லஃபானில் ஷெல் பங்குபெறும் பேர்ல் ஆலையில், இயற்கை வாயுவை முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாற்றி, ஃபிஷர்–டிராப்ஷ் முறையில் நீண்ட மெழுகுச் சங்கிலிகளாகக் கோத்து, பிறகு அந்த மெழுகை உடைத்து வளைத்து எண்ணெயாக்குகிறார்கள். தொகுதிக் கணக்கில் அது மூன்றாவது. உங்கள் கணக்கில் அது திருத்தியதா, தொகுத்ததா? இன்னொன்று: எங்கள் வீட்டுக் காருக்கு எண்ணெய் வாங்கும்போது நான் முன்பக்கச் சொல்லையே பார்ப்பதில்லை. பின்பக்கத்தில் மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40, பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-04 என்று கார் நிறுவனங்களின் எந்த ஒப்புதல் இருக்கிறது என்றே பார்க்கிறேன். டப்பாவில் உள்ள பாகுநிலை எண்ணான 0டபிள்யூ-40 என்பதில் முன் எண் உறைபனிக் குளிருக்கானது, −35 பாகை செல்சியஸில் சோதிப்பது. மார்கழியிலும் நமக்கு அது வேண்டியதில்லை. 150 பாகை வெப்பத்தில் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தாங்கும் என்பதுதான் சித்திரை வெயிலில் திருச்சி சாலையில் ஓட்டுகிறவருக்கு முக்கியம்.

*

அன்புத் தம்பிக்கு,

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தொகுதி எண்ணைப் பார்த்துச் சொல் ஆக்கியது என் பிழை. செய்முறையைப் பார்த்திருக்க வேண்டும். இப்படி வரையறுப்போம்: மூலக்கூறு கச்சா எண்ணெயில் பிறந்து ஆலையில் உருமாறியிருந்தால் திருத்தெண்ணெய்; ஆலையிலேயே பிறந்திருந்தால், பிறகு எத்தனை முறை திருத்தினாலும், தொகுப்பெண்ணெய். உங்கள் ராஸ் லஃபான் எண்ணெய் இரண்டாவது வகை.

ஒப்புதல் எண் பற்றி நீங்கள் சொன்னதையும் எடுத்துக்கொண்டேன். பலகையை இன்று மாற்றி எழுதினோம். அடிப்படை எண்ணெய் எதுவென்று தகவல் தாளில் தெரிகிற டப்பாக்களுக்குப் புதுச் சொல்லும், அதன்கீழ் பழகிய 'ஃபுல்லி சிந்தெடிக்' சிறிய எழுத்திலும் இருக்கும். அதைச் சொல்லாத டப்பாக்களுக்கு இரண்டு சொல்லும் இல்லாமல் ஒப்புதல் எண் மட்டும். எழுதி முடித்துப் பார்த்தால், அலமாரியில் பாதிக்கு மேல் அந்த இரண்டாம் வரிசையில்தான் போய் நிற்கிறது.