கிசுமு பிள்ளைகள் இல்லம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

ஸ்தோத்திரம். கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு சிறு பிள்ளைகள் இல்லத்தில் ஊழியம் செய்கிறேன். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த பிள்ளைகள். 2017-லிருந்து இங்கே புது இல்லங்களுக்குப் பதிவு இல்லை. இருக்கிற இல்லங்களின் பிள்ளைகளையும் 2032-க்குள் உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திலோ சேர்க்க வேண்டும் என்பது அரசின் திட்டம்.

நியாயம்தான். எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பாட்டியோ சித்தியோ உண்டு. ஆனால் போன மாதம் பாட்டியிடம் விட்டுவந்த ஒன்பது வயதுப் பையன் நாலாம் நாளே எங்கள் கேட்டில் வந்து நின்றான், கையில் பாதி சப்பாத்தியோடு. வீட்டில் உகாலிக் களி கிண்ட சோளமாவு தீர்ந்துபோச்சாம்.

இல்லத்தில் அவனுக்கு ஆகும் செலவை அந்தப் பாட்டிக்கே மாதாமாதம் கொடுத்தால் என்ன? சபையில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பழைய துணி மட்டும் அனுப்பாதீங்க, இங்கேயே மலை மாதிரி குவிந்து கிடக்கு.