தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைப் பீடபூமியில் பிள்ளைகளோடு இரண்டு இரவு: வானிலை கெட்டால்?

சாட்ஸ்வொர்த்_நடை:
வணக்கம். செப்டம்பர் கடைசியில் 14–17 வயதுப் பிள்ளைகள், ஆறு பேர் வீதம் இரண்டு குழு, பெரியவர்கள் நால்வர். சென்டினல் வண்டி நிறுத்தத்திலிருந்து சங்கிலி ஏணி (பாறையில் பொருத்திய இரும்பு ஏணி) வழியாக ஏறி, மேலே இரண்டு இரவு தங்கும் திட்டம். மழையும் பனியும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் கூடாரத்திலேயே இருப்பதா, இறங்குவதா? பையில் எதைக் கட்டாயமாக்குவது?

மேல்காற்று:
வசந்தம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21இல்தான் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது.

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும். டர்பனில் 22 என்றால் 3,000 மீட்டரில் 2, 3 டிகிரிதான். 5 டிகிரியிலேகூட 40 கி.மீ. காற்று அடித்தால் உடம்புக்குச் சுழியத்துக்குக் கீழே போனது போலிருக்கும். அதுவும் நனையாதவனுக்கு. பனியைவிட ஈரமும் காற்றும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கும்.

அதனால் ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். மழைச்சட்டையோடு மழைக் கால்சட்டையும் வேண்டும். பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிட்டு வருவார்கள். பைக்கு மேலே போடும் உறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். பைக்கு உள்ளே தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து, அதில் தூக்கப்பையும் ஒரு ஜோடி உலர்ந்த துணியும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்தத் துணி தூங்க மட்டும். காலையில் ஈரத்துணியையே திரும்ப மாட்ட வேண்டும். பிள்ளைகள் முனகுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழுவுக்கு ஒன்று, கம்பி இல்லாத நைலான் மூடுதுணி. ஆறு பேரும் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, ஓரத்தைத் தங்களுக்கு அடியில் அமுக்கி வட்டமாக உட்கார்ந்தால் சில நிமிடத்தில் உள்ளே வெதுவெதுப்பாகிவிடும்.

வாயாடிப் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், குளிர் உடம்பைப் பிடித்துவிட்டதா என்று அறிய ஜிப்பை மூடச் சொல்லிப் பாருங்கள். விரல் தடுமாறினால் அங்கேயே நிற்க வேண்டும். ஈரத்தைக் கழற்றி, அடியில் பாய் போட்டு, தூக்கப்பைக்குள் விட்டு, விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம். கைகாலைத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் தானாக நின்று ஆள் மந்தமானால் அது தேறுவது அல்ல, முற்றுவது. உடனே அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். மேலே பல இடத்தில் சிக்னல் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கணவாய்க்காரர்:
இருப்பதா இறங்குவதா என்று மேலே போய் யோசித்தால் தாமதம். உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான பெர்க் காற்று வடமேற்கிலிருந்து வீசி, சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பினால் குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்துவிட்டது என்று அர்த்தம். முன்னறிவிப்பில் அது இருந்தால் ஏறவே வேண்டாம். இங்கிலாந்தின் டார்ட்மூரில் 35, 45, 55 மைல் என்று இளைஞர் குழுக்கள் நடக்கும் டென் டார்ஸ் நிகழ்ச்சியையே 2007இல் வானிலை காரணமாகப் பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்துவதில் வெட்கம் இல்லை.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது அந்த ஏணிதான். ஐஸ் பிடித்தால் இரும்புப் படி வழுக்கும். இடி நேரத்தில் கிட்டவே போகக் கூடாது. பதினாறு பேர் ஒவ்வொருவராக இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள், அதுவும் பை முதுகில் இருக்க. பனி இறங்கியபின் ஏணிக்கு ஓடுவதைவிட, காற்று மறைவில் கூடாரத்தை இறுக்கக் கட்டி இருப்பதே மேல். அதற்கு ஒரு நாள் உணவும் எரிவாயுவும் கூடுதலாக வேண்டும்.

வடமுள்:
ஒன்று விட்டுப்போச்சு. இங்கே காந்த முள் உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே நிற்கும். மூடுபனியில் அதைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 400 மீட்டருக்கு மேல் விலகிப்போவீர்கள், விளிம்புப் பாறை பக்கத்தில் இருக்கும்போது! வட அரைக்கோளத்துக்குச் செய்த காம்பஸும் வேண்டாம், முள் சாய்ந்து தட்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் என்றால் முகட்டை விட்டு இறங்கி, ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது தள்ளி, பாயின்மேல் காலைச் சேர்த்துக் குந்துங்கள். கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் காத்திருங்கள்.

சாட்ஸ்வொர்த்_நடை:
நன்றி அண்ணா. ஆழமில்லாத பாறைக் குகையில் ஒதுங்கலாமா?

வடமுள்:
மழைக்கு ஒதுங்கலாம். மின்னலுக்குக் கூடாது, குகை வாயில் மேலும் கீழுமாக மின்சாரம் தாவும், நடுவில் இருப்பது நீங்கள்தான்.