வாக்குச்சீட்டின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்: நியூயார்க் நகரச் சாசனக் கேள்விகள் பற்றி

ஃப்ளஷிங்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குடியுரிமை பெற்ற பிறகு நான் வாக்களித்த முதல் நகரத் தேர்தல், 2025 நவம்பரில் நடந்த தேர்தல். மேயர் பதவிக்கும் மற்றப் பதவிகளுக்கும் உரிய வட்டங்களை நிரப்பிவிட்டுச் சீட்டை எந்திரத்தில் செலுத்தப் போனபோது, பின்பக்கத்தைப் பார்த்துவிட்டீர்களா என்று சாவடி ஊழியர் ஒருவர் கேட்டார். திருப்பிப் பார்த்தால் ஆறு கேள்விகள் இருந்தன. வீட்டு வசதி, வரைபடம், தேர்தல் ஆண்டு என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் போனது. ஆம் என்று குறித்தால் யாருக்கு என்ன கிடைக்கும், யார் எதை இழப்பார் என்பது விளங்கவில்லை. புரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுவதுபோல் இருந்ததால் ஆறையும் தொடாமல் விட்டுவிட்டேன்.

வெறுமையாக விட்டது இல்லை என்ற கணக்கில் சேர்ந்துவிடுமா என்பது என் முதல் கவலை. அடுத்து, இந்தக் கேள்விகளை எழுதுபவர்கள் யார்? தமிழ்நாட்டில் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். மாநகராட்சிச் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்ற வேண்டுமானாலும் மாநிலச் சட்டமன்றம் மாற்றிக்கொள்ளும், நம்மை யாரும் கேட்பதில்லை. இங்கே நம்மைக் கேட்டு நிறைவேற்றியதைப் பின்னால் வருபவர்கள் நம்மைக் கேட்காமலே மாற்றிவிட முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சாசனப்பித்தன்:

வெறுமையாக விட்ட கேள்வி எந்தப் பக்கமும் சேராது. அந்தக் கேள்விக்கு விடை குறித்தவர்களில் பெரும்பான்மையினர் என்ன சொன்னார்கள் என்பது மட்டுமே எண்ணப்படும். எனவே உங்கள் சீட்டுக்கு ஒரு பழுதும் இல்லை.

நீங்கள் கண்ட ஆறில் முதலாவது நகரத்தைச் சேர்ந்ததே அன்று. அது அடிரோண்டாக் மலைப்பகுதியில் இருக்கும் ஒலிம்பிக் விளையாட்டு வளாகத்தைப் பற்றிய மாநில அரசமைப்புத் திருத்தம். மாநிலம் முழுவதும் கேட்கப்பட்டது. மற்ற ஐந்தும் நகரச் சாசனத்தைத் திருத்துபவை. மேயருக்கு எவ்வளவு அதிகாரம், நகர மன்றத்துக்கு எவ்வளவு, ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருவதில் கடைசிச் சொல் யாருடையது என்பனவற்றை எல்லாம் சாசனம்தான் வரையறுக்கிறது.

யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். மேயர் ஒரு சாசனத் திருத்த ஆணையத்தை அமைத்து அதன் வழியாகக் கேள்விகளை அனுப்பலாம். நகர மன்றமும் ஆணையம் அமைக்கலாம். அல்லது தானே ஒரு சட்டத்தை நிறைவேற்றலாம்; அது தேர்தல் முறையையோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் அதிகாரத்தையோ தொடுவதாக இருந்தால் வாக்காளரின் ஒப்புதலுக்கு வைத்தாக வேண்டும். பொதுமக்கள் 30,000 கையெழுத்துகளுடன் மனு கொடுக்கலாம். மன்றம் அதை ஏற்காவிட்டால் மேலும் 15,000 கையெழுத்துகள் திரட்டி நேரே வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் இந்த வழிகள் சமமானவை அல்ல. மேயரின் ஆணையம் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டால், மன்றம் இயற்றிய சட்டமோ மக்களின் மனுவோ அதே தேர்தலில் சீட்டில் இடம்பெற முடியாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பேருந்துச் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நமக்குப் பழகிய காட்சி. இங்கே அந்தத் துண்டு மேயர் கையில் மட்டும் இருக்கிறது.

1998இல் இது வெளிப்படையாகவே நடந்தது. யாங்கீ ஸ்டேடியம் என்ற பேஸ்பால் அரங்கத்தைப் பிராங்க்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோது, அதைப் பற்றி வாக்காளரிடம் கேட்க நகர மன்றம் முனைந்தது. மேயர் ஜூலியானி ஓர் ஆணையத்தை அமைத்தார். ஆணையத்தின் கேள்வி சீட்டில் ஏறியது, ஸ்டேடியக் கேள்வி இறங்கியது. 2024இலும் அதே கதைதான். துறை ஆணையர்கள் மேலும் பலரை மேயர் நியமிக்கும்போது மன்றத்தின் இசைவைப் பெற வேண்டும் என்ற சட்டத்தை மன்றம் எடுத்துவந்த வேளையில் மேயர் ஆடம்ஸ் ஆணையம் அமைத்தார். அது இரண்டே மாதங்களில் ஐந்து கேள்விகளைத் தயாரித்தது, மன்றத்தின் கேள்விக்கு அந்த ஆண்டு இடமில்லாமல் போனது. அந்த ஐந்தில் நான்கு தேறின. தூய்மைத் துறையின் அதிகாரம், செலவு மதிப்பீடு என்று பார்வைக்குச் சாதுவாக இருந்த அவற்றில் ஒன்று, காவல், தீயணைப்பு போன்ற துறைகளைப் பற்றி மன்றம் சட்டம் இயற்றும் முன் கூடுதலாக 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று மன்றத்தின் கையைக் கட்டியது.

ஆகையால் கேள்வியின் சொற்களைப் படிக்கும் முன்பு, அதை அனுப்பியவர் யார், ஆம் என்று சொன்னால் யாருடைய அதிகாரம் குறையும் என்ற இரண்டையும் தேடிப் பார்ப்பது என் வழக்கம். 2025இல் மன்றம் எழுப்பிய முறையீடும் இதுதான்: இரண்டாம், மூன்றாம், நான்காம் கேள்விகள் மன்றத்தின் அதிகாரத்தை எடுத்து வேறு அமைப்புகளிடம் தருகின்றன, ஆனால் வாக்காளர் படிக்கும் வரிகளில் அது தெளிவாக இல்லை என்றது. கேள்விகளை நீக்கத் தேர்தல் வாரியம் மறுத்துவிட்டது.

பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், அதற்கு இந்த நகரமே சாட்சி. மேயரும் மன்ற உறுப்பினர்களும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற வரம்பு, ரொனால்ட் லாடர் என்ற செல்வந்தர் முன்னின்று நடத்திய கையெழுத்து மனுவின் வழியே 1993இல் வாக்காளரால் நிறைவேறியது. 1996இல் மன்றம் அதைத் தளர்த்தக் கேட்டபோது வாக்காளர்கள் மறுத்தார்கள். 2008இல் மன்றம் வாக்காளரைக் கேட்கவே இல்லை. 29க்கு 22 என்ற வாக்கில் தானே மூன்று முறையாக நீட்டியது, அப்போதைய மேயர் ப்ளூம்பெர்க் கையெழுத்திட்டு மறு ஆண்டே மூன்றாம் முறை வென்றார். வழக்குப் போட்டவர்களும் தோற்றார்கள். வாக்காளர் இயற்றிய சட்டமும் மன்றம் இயற்றிய சட்டமும் ஒரே தரம்தான், ஒன்றை மற்றொன்று மாற்றலாம் என்பதே நீதிமன்றத்தின் நிலை. 2010இல் வாக்காளர்கள் இரண்டு முறை என்ற வரம்பை மீட்டார்கள். பதவியில் இருப்பவர்கள் தங்களுக்கே நீட்டிப்பு எழுதிக்கொள்ள முடியாதபடி அப்போது ஒரு பூட்டும் போட்டார்கள்.

கல்யாணமுருங்கை:

சாசனப்பித்தன் ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை, அளவுகோலில் இருக்கிறது. அனுப்பியவர் யார் என்பதையே முதலில் பார்த்தால், நல்ல கேள்வியையும் கெட்ட பெயருக்காகத் தள்ளிவிடுவோம். நான் ஆடம்ஸுக்கு ஒருபோதும் வாக்களித்தவன் அல்லன். ஆனாலும் அவர் அமைத்த ஆணையத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கு ஆம் என்று குறித்தேன், மூன்றும் தேறின.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த நகரத்தில் நில வகைப்பாட்டை மாற்றிக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் வட்டாரக் குழுவுக்கு 60 நாள், பரோ (நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளில் ஒன்று) தலைவருக்கு 30 நாள், நகரத் திட்ட ஆணையத்துக்கு 60 நாள், நகர மன்றத்துக்கு 50 நாள் என்று ஒரு நீண்ட படிவரிசை இருக்கிறது; விண்ணப்பத்தைத் தயாரிப்பதற்கு ஆகும் காலம் இதில் சேராது. கடைசிப் படியில் மன்றத்தில் 51 பேர் வாக்களித்தாலும், அந்தத் தொகுதி உறுப்பினர் வேண்டாம் என்றால் மற்றவர்களும் வேண்டாம் என்பதே வழக்கமாக இருந்தது. எழுதப்படாத இந்த மரபினால், சில தொகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வாடகை கட்டுப்படியாகும் வீடுகள் எழும்பவே இல்லை. அத்தகைய வீடுகள் மிகக் குறைவாகக் கட்டப்பட்ட 12 வட்டாரங்களில் விரைவான பரிசீலனையைக் கொண்டுவந்தது இரண்டாம் கேள்வி. வட்டாரக் குழுவின் பரிசீலனையை அது நீக்கவில்லை. மன்றம் ஒரு திட்டத்தை நிராகரித்தால் மேயர், மன்றத் தலைவர், பரோ தலைவர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்து அந்த முடிவை மாற்றலாம் என்றது நான்காவது. மன்றத்தின் அதிகாரம் குறைந்தது உண்மை. அந்த அதிகாரம் எதற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?

தவிர, மேயர்கள் அனுப்பியதற்கெல்லாம் வாக்காளர்கள் தலையாட்டியதும் இல்லை. 1999இல் ஜூலியானியின் ஆணையம் அனுப்பியதைப் பெரும் வித்தியாசத்தில் தள்ளினார்கள். கட்சி சார்பற்ற தேர்தல் வேண்டும் என்று 2003இல் ப்ளூம்பெர்க் சொந்தப் பணத்தையும் செலவழித்து வாதாடினார், அதுவும் எடுபடவில்லை. மறுபக்கம், மேயர் கோச் அமைத்த ஆணையத்தின் வழியேதான் 1989ஆம் ஆண்டின் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன்பு பட்ஜெட்டிலும் நிலப் பயன்பாட்டிலும் கோலோச்சிய மதிப்பீட்டு வாரியத்தில், இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த புரூக்ளினுக்கும் நான்கு லட்சத்தை எட்டாத ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறிக்கு அது முரண் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மார்ச்சில் தீர்ப்பளித்தது. நவம்பரில் வாக்காளர்கள் வாரியத்தையே கலைத்து, மன்றத்தை 35 இடங்களிலிருந்து 51 இடங்களாக உயர்த்தினார்கள். இன்று நாம் பரிந்து பேசும் மன்றத்தின் அதிகாரம் பெரும்பகுதி அன்று வந்ததுதான்.

ஆறாவது கேள்வி தோற்றதில் எனக்கு வருத்தம். நகரத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். நகரத் தேர்தல்கள் ஒற்றைப்படை ஆண்டில்தான் நடக்க வேண்டும் என்று மாநில அரசமைப்பு சொல்வதால், நாம் ஆம் என்றிருந்தாலும் மாநிலமும் மாற்றியிருக்க வேண்டும்.

வளைகுடாக்கரையோன்:

கலிபோர்னியாவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே நகரச் சாசனத்தில் ஒரு சொல்லை மாற்றவும் வாக்காளரிடம் வந்தாக வேண்டும். மக்கள் மனுவின் மூலம் இயற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தாலன்றி, மன்றம் தொட முடியாது. 2008இல் உங்கள் மன்றம் செய்தது இங்கே நடந்திருக்காது. அதற்கான விலையையும் நாங்கள் கொடுக்கிறோம்: 2024 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ வாக்காளருக்கு நகரக் கேள்விகள் மட்டும் 15, மாநிலக் கேள்விகள் தனி. ஆறு கேள்விகளுக்கே நீங்கள் மலைத்தீர்கள் என்றால் இந்தப் பக்கம் குடிபெயர வேண்டாம்.

சாசனப்பித்தன்:

கல்யாணமுருங்கை அவர்களே, 1989ஐ நான் விட்டது பிழைதான். ஆனால் அந்த ஆணையத்தை உந்தியது நீதிமன்றத் தீர்ப்பு. போட்டிக் கேள்வியைச் சீட்டிலிருந்து இறக்கும் நோக்கம் அதற்கு இல்லை. நான் சந்தேகிப்பது, மன்றத்தின் கேள்வி வருகிறது என்று தெரிந்த பிறகு அவசரமாகப் பிறக்கும் ஆணையங்களை மட்டும். 2025ஆம் ஆண்டின் ஆணையம் ஆறு மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காம் கேள்விக்கு நானும் ஆம் என்றே குறித்தேன், இரண்டாவதுக்கு இல்லை.

ஃப்ளஷிங்வாசி:

அனைவருக்கும் நன்றி. இரு பக்க நியாயங்களையும் படித்தபின், வெறுமையாக விட்டதில் எனக்கு இப்போதுதான் வருத்தம் வருகிறது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். என் அம்மாவுக்கும் அடுத்த ஆண்டு குடியுரிமை கிடைத்துவிடும். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். எங்கள் சாவடியில் வங்காளத்தில் அச்சிட்ட கேள்விகளைப் பார்த்தேன், தமிழில் கிடைக்குமா?

கல்யாணமுருங்கை:

தமிழில் அச்சிட்ட சீட்டு கிடையாது. உங்கள் ஃப்ளஷிங் இருக்கும் குவீன்ஸில் சட்டப்படி அச்சிடும் மொழிகளில் இந்திய வம்சாவளியினருக்காக வங்காளம் மட்டும் இருக்கிறது. சாவடிகளில் அரபு, உருது, ரஷ்யன் போன்ற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் குடிமைப் பங்கேற்பு ஆணையம் ஒன்று உண்டு. அதன் பட்டியலிலும் தமிழ் இல்லை. அந்த ஆணையமே 2018இல் இதேபோன்று சீட்டின் பின்பக்கம் கேட்கப்பட்ட ஒரு சாசனக் கேள்வியினால் பிறந்தது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

ஆயினும் படிக்க முடியாத வாக்காளர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. வாக்காளருக்கு வேலை கொடுத்தவரோ அவருடைய தொழிற்சங்கத்தின் பிரதிநிதியோ அந்த உதவியாளராக இருக்கக் கூடாது. மகன் தாராளமாகப் போகலாம். சாவடிக்குள் நின்று ஆறு கேள்விகளை மொழிபெயர்ப்பது கடினம் என்பதால், நகரத் தேர்தலுக்கு முன்பு வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்படும் வாதங்கள் அதில் இருக்கும். அம்மா எடுத்த முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், உள்ளே கேள்வி எண்ணை மட்டும் நீங்கள் காட்டினால் போதும். தேர்தல் நாளுக்கு முந்தைய ஒன்பது நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவில், வார நாள் முற்பகலில் போனால் பெரும்பாலும் கூட்டம் இருக்காது.